சமமானவர்களின் தீர்ப்பு

அம்மா உயிரோடிருந்தவரை வருசத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடும். "நீ என்னா வேலதாண்டா பாக்குற?" மொழிபெயர்க்கிற வேலை என்பேன். எதுலேர்ந்து எதுக்கு என்று கேட்கும். ஸ்பானிஷிலேர்ந்து இங்கிலீசுக்கு என்பேன். "ரெண்டும் நம்ம பாஷ இல்லியே. அவுங்க ரெண்டு பேரும் பேசிக்கறதுக்கு நீ எதுக்குடா நடுவுல?" நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னைப் படிக்க வைத்த அம்மாவுக்கு இது ஒரு வேலையாகவே படவில்லை. எனக்கும் பல நாள் அப்படித்தான் இருந்தது.

நாவல், கவிதை என்று நான் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதாக நண்பர்கள் நினைக்கிறார்கள். என் கைக்கு வருவது வேறு சரக்கு. மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆய்விதழ்களின் காகிதங்கள். கட்டுரையாளர்களுக்கான விதிமுறை, மதிப்பீட்டுப் படிவம், கட்டுரையைப் படித்துவிட்டு இன்னொரு ஆய்வாளர் எழுதித்தந்த அறிக்கை. ஒரு கட்டுரை வந்தால் அந்தத் துறையிலேயே வேலை செய்கிற இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். எழுதியவர் யாரென்று படிக்கிறவருக்குத் தெரியாது. படித்தவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. அவர்கள் சொல்வதை வைத்துத்தான் கட்டுரை அச்சாவதும் திரும்பி வருவதும். ஆங்கிலத்தில் பியர் ரிவ்யூ என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் வருகிற ஓர் இதழ் ஸ்கோபஸ் போன்ற உலகப் பட்டியல்களில் இடம்பிடிக்க வேண்டுமானால் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும். தன்னுடைய மதிப்பீட்டு முறை என்ன என்பதையும் ஊரறிய எழுதிவைக்க வேண்டும். ஐம்பது கோடிப் பேருக்குக் குறையாமல் பேசுகிற மொழிக்கே இந்தக் கதி. அந்தக் கதியில்தான் எனக்குக் கஞ்சி.

ஸ்பானிய மொழியில் 'பார்' என்றொரு சொல் இருக்கிறது. லத்தீனில் பார் என்றால் சமம். ஸ்பானியம் அதை அப்படியே வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தின் 'பியர்' அதே சொல்தான், பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததில் உருமாறிப்போனது. ஆனால் ஸ்பானியம் படிக்கத் தொடங்குகிற மாணவனுக்கு, பார் என்றால் சமம் என்று யாரும் முதலில் சொல்லித்தருவதில்லை. ஜோடி என்றுதான் சொல்லித்தருவார்கள். 'உன் பார் தே சபாத்தோஸ்', ஒரு ஜோடி காலணி. தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில், ஒதுக்கீட்டு இடத்தில் சேர்ந்த முதல் பருவத்தில், இந்தத் தொடரை நோட்டில் பத்துத் தடவை எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரில் பஸ் ஏறணும் என்றால் ஊர்த்தெருவைத் தாண்டித்தான் போகணும். தெருமுனை வந்ததும் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளும். அடுத்த முனையில் போட்டுக்கொள்ளும். ஒரு ஜோடி செருப்பும் சமம் என்பதும் ஒரே சொல்லாக இருக்கிற மொழியைப் படிக்கிறோம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வினைச்சொல் விகுதிகளை மனப்பாடம் பண்ணுகிற அவசரம்.

சமமானவர்கள் என்றால் யார் என்பது அந்த மொழிகளிலும் எப்போதும் சண்டைதான். ஆங்கிலத்தில் பியர் என்பதற்குப் பிரபு என்றும் பொருள். 1215இல் பிரபுக்கள் அரசன் ஜானிடம் எழுதி வாங்கிய மாக்னா கார்ட்டாவில், சுதந்திர மனிதன் எவனையும் அவனுக்குச் சமமானவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் சிறைபிடிக்கக் கூடாது என்று ஒரு ஷரத்து வருகிறது. லத்தீன் மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது இந்தப் 'பார்'தான். சுதந்திர மனிதன் என்றபோது பண்ணையடிமைகள் அந்தக் கணக்கில் வரவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி தனக்கு வந்த கட்டுரைகளைச் சொந்த உறுப்பினர்களிடம் கொடுத்து எழுத்துமூலமாக அறிக்கை வாங்கத் தொடங்கியது 1832இல். அந்தச் சங்கம் முதன்முதலாக இரண்டு பெண் விஞ்ஞானிகளை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1945இல். நடுவில் 113 வருசம்.

தமிழில் 'சக மதிப்பாய்வு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ஒப்பார் மதிப்பாய்வு என்று ஒரு தடவை எழுதிப்பார்த்தேன். படித்த நண்பர், "என்ன, ஒப்பாரி மதிப்பாய்வா?" என்றார். திரும்பி வந்த கட்டுரைகளை நினைத்துப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான்.

'ரெவிசியோன் போர் பாரெஸ்' என்று இன்றைக்கு எல்லா ஸ்பானிய இதழ்களும் போடுகின்றன. அது ஆங்கிலத்திலிருந்து போன தொடர். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவது கடன் கொடுத்தவனிடமே அவன் காசைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, சிரமமே இல்லை. சிரமமெல்லாம் பழைய சொற்களில். 'ஆர்பித்ராஹே' என்பார்கள். நடுவர் தீர்ப்பு. அப்படி நடுவர் பார்த்த இதழ் 'ரெவிஸ்தா ஆர்பித்ராதா'. புதிதாக வருகிறவர்கள் இதை ஆர்பிட்ரேட்டட் ஜர்னல் என்று போட்டுவிடுவார்கள். படிக்கிற ஆங்கிலேயனுக்கு ஏதோ மில் தொழிலாளி போனஸ் தகராறு மாதிரி தெரியும். ரெஃபரீட் ஜர்னல் என்று போடணும். 'ஆர்பித்ரோ' கால்பந்து மைதானத்தில் விசில் ஊதுகிறவருக்கும் பெயர், அந்த ஒரு விஷயத்தில் ஸ்பானியமும் ஆங்கிலமும் ஒத்துப்போகின்றன. இதழின் 'திரெக்தோர்' டைரக்டர் கிடையாது, அவர்தான் தலைமை எடிட்டர். 'எதிதோர்' என்று இருந்தால் கொஞ்சம் நிதானிக்கணும். அது எடிட்டராகவும் இருக்கும், பதிப்பாளராகவும் இருக்கும்.

மெக்சிகோக்காரர்களுக்கு இந்த அறிக்கை 'திக்தாமென்'. அதை எழுதுகிறவர் 'திக்தாமினாதோர்'. அகராதியைத் திறந்தால் சட்டக் கருத்து, நிபுணர் அறிக்கை என்று வரும். கவனித்துப் பார்த்தால் இந்த வட்டாரத்துச் சொற்கள் பலவும் கோர்ட்டு வாசலிலிருந்து வந்தவை. ஸ்பெயினில் முனைவர் பட்டத் தேர்வுக் குழுவுக்கே 'த்ரிபுனால்' என்றுதான் பெயர். நீதிமன்றத்துக்கும் அதே சொல். பரிசுக்குழுவோ நீதிபதியோ சொல்கிற முடிவு 'ஃபாயோ'. தப்பு, கோளாறு என்பதற்கும் 'ஃபாயோ'. இரண்டுக்கும் வேர் வேறு என்கிறார்கள், எழுத்து ஒன்றுதான். இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பா ஞாபகம். ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்காமல் போனதுக்காகப் பெரியப்பாவைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆலமரத்துத் திண்ணையில் ஐந்து பேர், ஐந்து பேரும் ஊர்க்காரர்கள். அபராதம் கட்டி, காலில் விழச் சொன்னார்கள். விழுந்துவிட்டு வந்த பெரியப்பா கொல்லையில் உட்கார்ந்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னது. "அதுல நம்மாளு ஒருத்தனாவது ஒக்காந்திருந்தா, சைக்கிள் எதுக்குடா இருக்குதுன்னாவது கேட்டிருப்பான்."

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு படிவத்தில் மாட்டிக்கொண்டேன். மதிப்பீட்டு அளவுகோல்களில் முதலாவது, 'பெர்தினென்சியா தெல் தேமா'. தலைப்பின் பொருத்தம். 'பெர்தெனென்சியா' என்று இன்னொரு சொல் உண்டு, சேர்ந்திருப்பது, உரியதாக இருப்பது. ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். ராத்திரி இரண்டு மணிக்கு வேலை பார்த்ததில் நான் இரண்டாவதாகப் படித்துவிட்டேன். இந்தத் தலைப்பு இந்த இடத்தைச் சேர்ந்ததா என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் கேள்வி போட்டு அனுப்பிவிட்டேன். திருத்தி அனுப்பினார்கள், கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். ரொம்ப நாள் வெட்கமாக இருந்தது. சேர்ந்ததா, சேராததா என்கிற கேள்வியை எங்கேயும் முதலில் படித்துவிடுகிற கண் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன்.

படிவத்தின் கடைசியில் நாலு கட்டம் இருக்கும். 'புப்ளிகாப்லே'. சின்னத் திருத்தங்களோடு புப்ளிகாப்லே. பெரிய திருத்தங்களுக்கு உட்பட்டுப் புப்ளிகாப்லே. 'நோ புப்ளிகாப்லே'. ஆங்கிலத்தில் அக்செப்ட், மைனர் ரிவிஷன், மேஜர் ரிவிஷன், ரிஜெக்ட் என்று போடுவது வழக்கம். நானும் அப்படித்தான் போடுகிறேன். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. ரிஜெக்ட் என்றால் யாரோ ஒருவர் செய்த காரியம். நிராகரித்தவர் இருக்கிறார், ஏன் நிராகரித்தாய் என்று கேட்கலாம். நோ புப்ளிகாப்லே என்றால் பிரசுரிக்கத் தகாதது. தகாத தன்மை கட்டுரையிலேயே இருக்கிறது, சொன்னவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்பானியத்தில் நம்மைக் குறிக்க அவர்கள் எழுதுகிற சொல் 'இந்தோகாப்லே', தீண்டத்தகாதவர். அதே 'ப்லே' விகுதி. தமிழிலும் அதே 'தகாத'. தொடமாட்டேன் என்பது தொடாதவன் செய்கிற காரியம். அதைத் தூக்கி எதிராளியின் உடம்பில் குணமாக ஒட்டிவிடுகிற வேலையை ஒரு விகுதி பார்த்துக்கொள்கிறது. மொழியின் அதிகாரம் பற்றிப் பெரிய பெரிய தத்துவமெல்லாம் நம் சிறுபத்திரிகைகளில் படித்திருக்கிறேன். இந்த விகுதி எனக்குப் புரியவைத்த அளவுக்கு அவை புரியவைக்கவில்லை.

இதே ஜாதிதான் 'ஸெ'. ஸ்பானிய அறிக்கைகள் 'நான்' என்று அநேகமாகச் சொல்லாது. 'ஸெ ரெகோமியெந்தா', பரிந்துரைக்கப்படுகிறது. 'ஸெ சுஹியெரே', ஆலோசனை கூறப்படுகிறது. யார் பரிந்துரைக்கிறார் என்பது அந்த இரண்டெழுத்துக்குள்ளே போய் ஒளிந்துகொள்ளும். வீட்டுமனைப் பட்டா கேட்டு மனுப் போட்டவர்களுக்கு இந்த நடை புதிதில்லை. தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது. ஆங்கில அறிக்கைகளில் நான் என்று கூச்சமில்லாமல் எழுதுவார்கள். ஸ்பானியத்தின் ஸெ-யை ஆங்கிலத்தின் செயப்பாட்டு வினையாக்கினால் இலக்கணப்படி சரி, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் 'மதிப்பீட்டாளர் பரிந்துரைக்கிறார்' என்று ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவேன். பெயர் வேண்டாம், ஒரு ஆள் இருக்கிறார் என்றாவது தெரியட்டும்.

பெயரை மறைப்பதையே கேலி பண்ணுகிறவர்கள் உண்டு. எனக்கு அவர்களோடு ஒத்துப்போவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறைத் தேர்வு மார்க் பள்ளிக்கூடத்திலேயே போட்டார்கள். வேதியியலில் உப்பைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னேன். 50க்கு 31. உப்பைத் தப்பாகச் சொன்ன ஊர்த்தெருப் பையனுக்கு 48. கேட்டதுக்கு, "ரெக்கார்டு நோட்டு சுத்தமா இல்ல" என்றார் வாத்தியார். சுத்தம்! எழுத்துத் தேர்வு விடைத்தாள் வேறு ஊருக்குப் போனது. போவதற்கு முன்னால் பதிவெண்ணை எடுத்துவிட்டு டம்மி நம்பர் போட்டார்கள். அதில் வேதியியலில் பள்ளிக்கூடத்திலேயே நான்தான் முதல். என் முகத்தையும் தெருவையும் பார்க்காத யாரோ ஒருத்தர், எந்த ஊரோ, என் தாளைத் திருத்தினார். அவருக்கு நான் கடன்பட்டவன். 'தோப்லே சியேகோ' என்ற தொடரை முதலில் மொழிபெயர்த்தபோது எனக்கு மனசில் வந்தது டம்மி நம்பர்தான்.

தோப்லே சியேகோ என்றால் இருபக்கமும் குருடு. ஆங்கிலத்திலும் டபுள் பிளைண்ட் என்றே வெகுகாலம் இருந்தது. பார்வையற்றவர்கள், எங்கள் உடம்பை உவமையாக வைத்து விளையாடாதீர்கள் என்றார்கள். நியாயம்தானே. நைசோ என்கிற அமெரிக்கத் தர அமைப்பு 2023இல் வெளியிட்ட சொற்பட்டியலில் பிளைண்ட் போய், பெயர் மறைக்கப்பட்ட என்ற பொருளில் அனானிமைஸ்டு வந்திருக்கிறது. நான் அதைப் போட்டு அனுப்புவேன். சில இதழ்காரர்கள் மறுபடி பிளைண்ட் ஆக்கிவிடுவார்கள். "எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்" என்பது பதில். இந்தப் பதிலை எங்கேயோ கேட்டிருப்பீர்கள்.

மறைப்பதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் நீக்கிவிட்டு அனுப்பவும் என்று எல்லா விதிமுறையிலும் ஒரு வரி உண்டு. நூலகத்தில் உட்கார்ந்து அடுத்தவன் சேரியைப் பற்றி எழுதுகிறவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. பெயரை எடுத்தால் போதும். தன் தெருவைப் பற்றி, தன் ஆயாவைப் பற்றி எழுதுகிறவர் எதை நீக்குவது? அடையாளம்தானே கட்டுரை. நம்முடைய இந்த மாதிரிப் பத்திரிகைகளில் அந்தத் தொல்லை இல்லை. பேர் போட்டு எழுதுகிறோம். அடுத்த இதழில் வாசகர் பேர் போட்டுத் திட்டுகிறார்.

அம்பேத்கருக்கும் இது நடந்திருக்கிறது. லண்டனில் அவர் கொடுத்த 'ரூபாயின் பிரச்சினை' ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பினார்கள். இன்றைய படிவத்தில் மூன்றாவது கட்டம், பெரிய திருத்தங்களுக்கு உட்பட்டு. முடிவுகளை மாற்றிக்கொள்ளாமல் திருத்தி அனுப்பி, 1923இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். அந்த வருசமே புத்தகமாக வந்தபோது அவருடைய பேராசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். இந்த ஆளின் வாதங்கள் பெரும்பாலானவற்றோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் தப்பென்று நினைத்த இடத்திலும் இவருடைய புதுமை என்னைத் தூண்டியது என்று கேனன் தன் பெயரிலேயே எழுதுகிறார். கையெழுத்துப் போட்ட திக்தாமென். உடன்பாடில்லாதவர் முகத்தைக் காட்டிக்கொண்டு சொன்னார். மறைந்திருந்து எழுதியவர்கள் என்ன எழுதினார்களோ.

இனி, இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். இதழின் பெயரையும் நாட்டையும் சொல்லமாட்டேன். கட்டுரையின் விவரங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். ரகசியம் காப்பதாக எழுதிக்கொடுத்திருக்கிறேன். 2019இல் ஒரு லத்தீன் அமெரிக்க இதழிலிருந்து ஒரு திக்தாமென் வந்தது. அந்த இதழ் ஆங்கிலத்திலும் கட்டுரை வாங்கும். மதிப்பீட்டாளர் ஆங்கிலம் படிப்பார், ஸ்பானியத்தில் எழுதுவார். எழுதியவருக்கு அதை ஆங்கிலமாக்கித் தரணும். சந்தேகம் பார்த்துக்கொள்ள, பெயர் நீக்கிய கட்டுரையையும் இணைத்திருந்தார்கள். திறந்தேன். டீக்கடை இரட்டை டம்ளரைப் பற்றிய கட்டுரை. கரும்புக் காடு, ஏரிக்கரை, காலனிக்குப் போகும் மண்ரோடு. ஊர்ப்பெயருக்குப் பதிலாக எக்ஸ் என்று போட்டிருந்தது. எனக்கா தெரியாது? எங்கள் பக்கம்தான், இருபது முப்பது மைலுக்குள்ளே. ஆயா டம்ளரைத் தானே கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்ததை ஒரு பேத்தி எழுதியிருந்தாள். 'நான்' என்று எழுதியிருந்தாள்.

முதல் தொல்லை இலக்கணத்தில். மதிப்பீட்டாளர் வழிநெடுக 'எல் அவுதோர்' என்கிறார், ஆண்பால். ஸ்பானியத்தில் ஆள் தெரியாதபோது ஆண்பாலைப் போடுவது பழக்கம். கட்டுரையை எழுதியது பெண் என்று உள்ளேயே இருக்கிறது, அவர் கவனிக்கவில்லை, இல்லை விதியை மதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். 'சு' என்று ஒரு சொல், அவனுடைய, அவளுடைய, அதனுடைய, அவர்களுடைய எல்லாத்துக்கும் அது ஒன்றுதான். ஆங்கிலத்துக்கு வந்தால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாகணும். அவன் என்று போட்டால் அந்தப் பெண் தன் அறிக்கையில் தன்னையே காணமாட்டாள். அவள் என்று போட்டால் விதி மீறல். பலர்பாலை ஒருமைக்குப் போடுகிற ஆங்கில வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பேற்றினேன்.

இரண்டாவது 'காஸ்தா'. இந்தச் சொல் நமக்கு வேண்டப்பட்ட சொல். போர்ச்சுகீசியர்கள் இங்கே வந்து, கண்டதுக்குக் காஸ்தா என்று பெயர் வைத்தார்கள், ஆங்கிலேயன் அதைக் காஸ்ட் ஆக்கினான். அதே சொல்லை ஸ்பானியர்கள் அமெரிக்காவில் கலப்பு வம்சாவளிகளுக்கு வைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் வெள்ளைக்கும் பூர்வகுடிக்கும் கறுப்பருக்கும் பிறந்த பிள்ளைகளை வகைவகையாக வரைந்து பேரெழுதி வைத்த ஓவிய வரிசைகள் இருக்கின்றன. காஸ்தா ஓவியங்கள் என்றே பெயர். மதிப்பீட்டாளர், எழுதியவர் காஸ்தாக்களோடு ஒப்பிட்டிருக்கலாம் என்கிறார். அடுத்த வரியில் காஸ்தா முறையின் வன்முறை என்கிறார். முதலாவது மெக்சிகோ, இரண்டாவது நம்ம ஊர். இரண்டுக்கும் காஸ்ட் என்று போட்டால் அந்தப் பெண் குழம்பிப்போவாள். ஆங்கில வரலாற்றாசிரியர்கள் முதலாவதைக் காஸ்தா என்றே விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படியே விட்டு, ஒரு வரி விளக்கம் சேர்த்தேன். இதில் எனக்கு ஒரு சந்தோஷம்தான்.

மூன்றாவது வாக்கியத்தில்தான் இரண்டு நாள் நின்றுபோனேன். 'ஸெ எச்சா தே மேனோஸ் உனா மயோர் திஸ்தான்சியா'. இன்னும் அதிகத் தூரம் இல்லாதது குறையாகத் தெரிகிறது. ஆங்கில அறிக்கைகளில் இதற்குத் தயாராக ஒரு வாக்கியம் உண்டு. கூடுதல் விமர்சன இடைவெளி விரும்பத்தக்கது. பத்துத் தடவையாவது அதைப் போட்டிருப்பேன், கை தானாகத் தட்டச்சு பண்ணிவிடும். 'எச்சார் தே மேனோஸ்' என்ற தொடருக்குக் குறையாகக் காண்பது என்றும் பொருள், பிரிந்தவரை நினைத்து ஏங்குவது என்றும் பொருள். வெளிநாட்டிலிருக்கும் மகன் அம்மாவுக்குப் போன்பண்ணிச் சொல்கிற வார்த்தை. அந்த மதிப்பீட்டாளர் தூரத்துக்காக ஏங்குகிறார்.

தூரம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என்ன ஞாபகம் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எட்டி நில்லுடா. தள்ளிப் போடா. தூரத்தில் வை, ஊற்றுகிறேன். ஆயாவின் டம்ளருக்கும் டீ ஊற்றுகிற கெட்டிலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது, ஒரு முழம். டீ தெறித்துக் கையில் படும். அந்த ஒரு முழத்தைப் பற்றி எழுதியவளிடம் இன்னும் கொஞ்சம் தூரமாக நில் என்று நான் ஆங்கிலத்தில் சொல்லணும். சொல்லப்போவது யாரென்றும் அவளுக்குத் தெரியாது. நடுவிலிருக்கிறவனுக்கும் பெயர் கிடையாதே.

அந்த வாக்கியத்தை விட்டுவிட்டால் என்ன என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தேன். அழித்தும் பார்த்தேன். அறிக்கை அழகாக இருந்தது. அப்புறம் செய்முறைத் தேர்வு ஞாபகம் வந்தது. இருப்பதை இல்லையென்றும் இல்லாததை இருக்கிறதென்றும் மார்க் போட்டவர் ஒருத்தர். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து அதையே பண்ணுகிறேன். அவளுக்கு நன்மை செய்வதாக நினைத்து அவளை முட்டாளாக்குகிறேன். இரண்டாவது சுற்றில் மதிப்பீட்டாளர், நான் கேட்டதைச் செய்யவில்லையே என்று அந்த நாலாவது கட்டத்தில் டிக் போட்டால்? திரும்ப எழுதினேன். வழக்கமான மெத்து வாக்கியத்தையும் போட மனம் வரவில்லை.

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரே ஒரு உரிமைதான் உண்டு. சந்தேகம் கேட்கலாம். பக்க ஓரத்தில் எடிட்டருக்கு ஒரு குறிப்பு எழுதினேன். இங்கே தூரம் என்பது எதிலிருந்து என்று தெரியவில்லை. எழுதியவர் தன் குடும்பத்தை விட்டு விலகி நிற்கணுமா, மற்ற ஆய்வுகளோடு சேர்த்து வைத்து இதைப் பார்க்கணுமா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு வாக்கியம் எழுத வேண்டியிருக்கும். ஸ்பானியத்தில் ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. மதிப்பீட்டாளரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு எடிட்டரம்மாவிடமிருந்து இரண்டு வரி வந்தது. இதே விஷயத்தில் வந்திருக்கிற மற்ற ஆய்வுகளை எழுதியவர் விவாதிக்க வேண்டும் என்பதுதான் மதிப்பீட்டாளரின் கருத்து, தன்மையில் எழுதுவதை அவர் ஆட்சேபிக்கவில்லை. கீழே இன்னொரு வரி. மொழிபெயர்ப்பாளர் இனிமேல் கலைச்சொல் சந்தேகங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று கருதப்படுகிறது. அங்கேயும் ஸெ.

ஆங்கிலத்தில் வெட்டவெளிச்சமாக எழுதினேன். இந்தப் பொருள் குறித்த பிற ஆய்வுகளைக் கட்டுரை விவாதிக்க வேண்டும் என்று மதிப்பீட்டாளர் கோருகிறார். தூரம் என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. மூல அறிக்கையை வைத்துக்கொண்டு யாராவது என் ஆங்கிலத்தைத் திருத்த உட்கார்ந்தால், ஒரு சொல் விடுபட்டிருக்கிறது என்று குறிப்பார்கள். குறித்துக்கொள்ளட்டும்.

அந்த இதழிலிருந்து பிறகு எனக்கு வேலை குறைந்துபோனது. சந்தேகம் கேட்டதாலா, அவர்களுக்குப் பணமில்லையா, தெரியவில்லை. அந்தப் பக்கத்து இதழ்கள் பெரும்பாலும் எழுதுகிறவரிடமும் படிக்கிறவரிடமும் காசு வாங்காமல் பல்கலைக்கழக நிதியில் நடப்பவை. நிதி வந்தால் வரும்.

2021இல் அந்தக் கட்டுரை அச்சானது. நானாகத் தேடித்தான் பார்த்தேன். மேலே பெயர் இருந்தது, ஒரு பெண்ணின் பெயர். புதிதாக ஒரு பகுதி சேர்ந்திருந்தது, அதில் வரிசையாக மற்ற ஆய்வுகள். மூன்று இடத்தில் அவர்களோடு சண்டை போட்டிருக்கிறாள். நன்றாகவே போட்டிருக்கிறாள். ஆயாவின் டம்ளர் பற்றிய பத்தியைத் தேடினேன். இருந்தது, முன்பு படித்ததைவிடக் கொஞ்சம் குட்டையாக. அவளே குறைத்தாளா, பக்க அளவுக்காக அவர்கள் குறைத்தார்களா, நான் எழுதிய ஆங்கில வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் குறைத்தாளா என்று கேட்க வழியில்லை. அந்த ஒரு முழம் அப்படியே இருந்தது. கட்டுரை முடிந்த இடத்தில் சின்ன எழுத்தில், 'ரெசிபிதோ' என்று கட்டுரை வந்த தேதியும், 'அசெப்தாதோ' என்று ஏற்றுக்கொண்ட தேதியும் போட்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் பதினாறு மாதம்.